குழுவில் எத்தனை பேர்?

"பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் குழு எவரெஸ்ட் அடிவார முகாமை அடைந்து நலமாகத் திரும்பியது." இத்தகைய வாக்கியத்தைப் பயண நூல்களிலும் கட்டுரைகளிலும் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். வாசித்துவிட்டு அந்தப் பன்னிரண்டு பேரின் துணிவை எண்ணி வியந்தும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பன்னிரண்டு என்ற எண் எப்படி வந்தது என்று நாம் கேட்டதில்லை. கூடாரங்களைச் சுமந்தவர்கள், அரிசியையும் மண்ணெண்ணெயையும் தூக்கி வந்தவர்கள், விடியுமுன் எழுந்து தேநீர் வைத்தவர்கள், பனியில் வழி பார்த்து முன்னே நடந்தவர்கள் ஆகியோர் அந்த எண்ணில் இல்லை. பணம் கொடுத்து வந்தவர்களை மட்டுமே எண்ணி "குழு" என்று சொல்லும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலவி வருகிறது.

மலைப்பயணங்களின் வரலாறு பெரும்பாலும் உச்சிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த ஆண்டில், எந்தச் சிகரத்தில், எவர் முதலில் கால் வைத்தார் என்பதே அதன் முறை. இக்கட்டுரையில் நாம் வேறொரு வழியில் செல்ல முயல்கிறோம். ஒவ்வொரு காலகட்டத்திலும் குழுவில் எத்தனை பேர் இருந்தனர், எத்தனை பேர் எண்ணப்பட்டனர் என்ற கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையிலிருந்து இமயம் வரை நடந்து பார்க்கலாம்.

ஷாமொனி: ஒருவரும் பதினெட்டுப் பேரும்

ஐரோப்பாவில் மலையேற்றம் ஒரு விருப்பச் செயலாக உருப்பெற்ற இடம் மோன் பிளாங்க் மலையடிவாரத்திலுள்ள ஷாமொனிப் பள்ளத்தாக்கு. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியல் அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் தெ சொசூர், அச்சிகரத்துக்கு வழி காண்பவருக்குப் பரிசளிப்பதாக 1760இல் அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 அன்று அவ்வூர் மருத்துவர் பக்கார், படிகக்கல் தேடி மலையில் திரிந்த ஜாக் பால்மா ஆகிய இருவரும் உச்சியை அடைந்தனர். மறு ஆண்டு சொசூரே ஏறினார். அவருடன் அவருடைய பணியாளரும் 18 வழிகாட்டிகளும் சென்றனர். அழுத்தமானிகள், வெப்பமானிகள், கூடாரம், உணவு யாவும் அவர்கள் முதுகில் ஏறின. வரலாற்றில் அது "சொசூரின் ஏற்றம்" என்றே பதிவாகியுள்ளது.

1820 ஆகஸ்ட் 20 அன்று இப்பள்ளத்தாக்கின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ரஷ்ய அரசின் பணியிலிருந்த ஹாமெல் என்ற அறிஞர், ஆங்கிலேயர் இருவரோடும் வழிகாட்டிகளோடும் மோன் பிளாங்கில் ஏறிக்கொண்டிருந்தார். வானிலை மோசமாக இருந்ததால் வழிகாட்டிகள் திரும்பிவிட விரும்பினர் என்றும், பயணிகள் மேலேறுவதிலேயே முனைந்து நின்றனர் என்றும் அப்பயணம் பற்றிய பதிவுகள் கூறுகின்றன. புதிதாகப் பெய்திருந்த பனி சரிந்தது. வழிகாட்டிகள் மூவர் பனிப்பிளவுக்குள் விழுந்து மறைந்தனர். பயணிகள் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

இவ்விபத்துக்கு வரலாற்றில் வழங்கும் பெயர் "ஹாமெல் விபத்து". இறந்த மூவரில் ஒருவர் பெயராலும் அது அழைக்கப்படவில்லை. பிழைத்தவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எனினும் ஷாமொனி மக்கள் வெறுமனே அழுதுவிட்டு ஓயவில்லை. மறு ஆண்டே, 1821இல், வழிகாட்டிகள் சங்கம் ஒன்றை அமைத்தனர். வேலை முறைவைத்துப் பங்கிடப்பட்டது, கூலி நிர்ணயிக்கப்பட்டது, மலையில் இறப்போரின் குடும்பங்களுக்கும் காயமுறுவோருக்கும் உதவ ஒரு பொது நிதி உண்டாக்கப்பட்டது. மோன் பிளாங்கில் ஏறும் பயணி ஒவ்வொருவரும் நான்கு வழிகாட்டிகளை அமர்த்த வேண்டும் என்ற விதியும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. உலகின் மிகப் பழைய மலை வழிகாட்டிகள் சங்கம் என்ற பெருமையுடன் அது இன்றும் இயங்கி வருகிறது. சாகசப் பயணம் ஒரு தொழிலாக நிலைபெற்றதற்கு அடிக்கல் நாட்டியது உச்சியின் வெற்றியன்று, மூன்று வழிகாட்டிகளின் மரணம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பனியாறு மெல்ல நகரும் தன்மையது. அதன் வேகத்தைக் கணக்கிட்ட ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், புதையுண்ட உடல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் கீழே வெளிப்படும் என்று முன்னுரைத்திருந்தார். 1861இல் பொஸ்ஸோன் பனியாற்றின் அடிவாரத்தில் எலும்புகளும் கிழிந்த உடைகளும் கிடைக்கத் தொடங்கின. அன்று உடன்சென்று உயிர் தப்பிய வழிகாட்டி ஒருவர் முதியவராக அப்போதும் வாழ்ந்திருந்தார். தம் தோழர்களின் எச்சங்களை அவர் அடையாளம் கண்டார். வரலாறு எண்ண மறந்தவர்களைப் பனியாறு எண்ணித் திருப்பிக் கொடுத்தது.

மேடையேறிய மலை

1851இல் ஆல்பர்ட் ஸ்மித் என்ற லண்டன் எழுத்தாளர் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மூவருடன் மோன் பிளாங்கில் ஏறினார். விதிப்படி 16 வழிகாட்டிகள் உடன்சென்றனர். அவர்களுக்கு மேல் சுமைதூக்கிகளும் இருந்தனர். நான்கு பேருக்கென்று கொண்டுசெல்லப்பட்ட மதுப்புட்டிகள் மட்டும் 90க்கு மேல். திரும்பி வந்த ஸ்மித், லண்டன் பிக்கடிலியிலிருந்த எகிப்திய மண்டபத்தில் ஓவியத் திரைகளோடு தம் பயணத்தை ஒரு மேடை நிகழ்ச்சியாக்கினார். 1852 முதல் ஆறாண்டு காலம் அது நடந்தது. விக்டோரியா அரசியும் அதைக் கண்டார். மலையேற்றம் அறிஞர்களின் ஆய்வு என்ற நிலையிலிருந்து நடுத்தர வர்க்கத்தின் கனவு என்ற நிலைக்கு நகர்ந்ததில் இந்நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. 1857இல் லண்டனில் ஆல்பைன் கழகம் நிறுவப்பட்டது.

கனவு உண்டானால் அதை விற்பவரும் தோன்றுவது இயல்பு. 1863 கோடையில் தாமஸ் குக் தம் முதல் சுவிட்சர்லாந்துக் குழுப்பயணத்தை நடத்தினார். அதில் சென்ற ஏழு பேர் விளையாட்டாகத் தமக்கு "இளையோர் ஐக்கிய ஆல்பைன் கழகம்" என்று பெயர் சூட்டிக்கொண்டனர். அவர்களில் ஒருவரான ஜெமைமா மோரல் என்ற பெண்மணி எழுதிய நாட்குறிப்பு, நூறாண்டுகளுக்குப் பின் 1963இல் நூலாக வெளிவந்தது. தரைதொடும் பாவாடையுடன் கணவாய்களைக் கடந்தும் பனியாற்றின் மேல் நடந்தும் சென்ற பெண்களை அதில் காண்கிறோம். முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடி, முன்பணம் கட்டி, வகுத்த திட்டப்படி மலைநாட்டில் நடக்கும் வழக்கத்துக்கு இதுவே நல்ல தொடக்கப்புள்ளி. குடும்பத்துக்கு வெளியே பெண்கள் பயணிக்க ஒரு கௌரவமான வாய்ப்பையும் குழுப்பயணம் அளித்தது. இந்நன்மையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

கிழக்கிலிருந்து வந்த மக்கள்

ஆல்ப்ஸ் மலையின் உச்சிகள் ஏறித் தீர்ந்தபின் ஐரோப்பியரின் பார்வை இமயத்தின் மேல் விழுந்தது. தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து வழிகாட்டிகளையே கப்பலேற்றி அழைத்து வந்தனர். அலெக்ஸாண்டர் கெல்லஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளரும் 1907இல் சிக்கிமுக்கு அவ்வாறே வந்தார், நிறைவுறவில்லை. பின்னர் டார்ஜிலிங்கில் கூலிவேலை செய்துவந்த ஷெர்பாக்களை அழைத்துச் சென்றார். அவர்களுடைய திறமையையும் இணக்கத்தையும் மலையேறிகள் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முதன்மையானவர்.

ஷெர்பா என்பது அப்போது தொழிலின் பெயரன்று. திபெத்திய மொழியில் "ஷர்" என்றால் கிழக்கு. ஷெர்பா என்றால் கிழக்கத்தியர். திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலை கடந்து வந்து, எவரெஸ்டின் தென்சரிவிலுள்ள கும்பு பகுதியில் குடியேறியவர்கள் அவர்கள். உருளைக்கிழங்கு பயிரிட்டனர், யாக் வளர்த்தனர், ஏறத்தாழ 5,700 மீட்டர் உயரமுள்ள நங்பா கணவாய் வழியே திபெத்துடன் வாணிகம் செய்தனர். கூலி தேடிச் சிலர் டார்ஜிலிங் சென்றனர். சிகரங்களின் மீது ஏறும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. மலைகள் தெய்வங்களின் இருப்பிடம். அவற்றின் தலையில் கால் வைப்பதற்குக் காரணமும் இல்லை.

1922 ஜூன் 7 அன்று எவரெஸ்டின் வடகணவாய்ச் சரிவில் ஜார்ஜ் மாலரி, ஹோவர்ட் சாமர்வெல், கிராஃபோர்ட் ஆகிய மூவரும் 14 சுமைதூக்கிகளும் கயிறுகளால் பிணைக்கப்பட்டு ஏறிக்கொண்டிருந்தனர். பனி சரிந்து ஒன்பது சுமைதூக்கிகளை வாரிச் சென்றது. இருவர் மீட்கப்பட்டனர், எழுவர் இறந்தனர். ஆங்கிலேயர் மூவரும் தப்பினர். நூறாண்டுக்கு முந்தைய ஷாமொனி விபத்தின் கணக்கே இங்கும் திரும்பி வந்ததைக் காண்கிறோம். 1924இல் குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது, மலையேற்றத்துக்கான பதக்கம் இந்த 1922ஆம் ஆண்டுக் குழுவுக்கு வழங்கப்பட்டது. இறந்த எழுவரும் அப்பதக்கம் பெற்றவர்களின் பட்டியலில் இடம்பெற்றனர். விழா நடந்த ஊர் அதே ஷாமொனி.

நெய்யூருக்கு வந்த மலையேறி

இவ்விடத்தில் சாமர்வெல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வாசகர்களில் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கு அப்பெயர் புதிதன்று. முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் அவர், ஓவியர், இசையறிந்தவர். பனிச்சரிவுக்குப் பின் தம்மை வாட்டிய எண்ணத்தை அவர் 1936இல் வெளியான தம் நூலில் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். இறந்தவர்கள் அனைவரும் சுமைதூக்கிகளாகவே இருந்தார்களே, ஆங்கிலேயர் ஒருவராவது அவர்களோடு மடிந்திருந்தால், அவர்களுடைய ஆபத்தில் நாமும் பங்கேற்றோம் என்று உயிரோடிருப்பவர்கள் உணர்ந்திருப்பார்களே என்பது அவ்வெண்ணத்தின் சாரம். குழு என்ற சொல்லின் பொருளை உள்ளிருந்தே ஒருவர் கேள்விக்குள்ளாக்கிய முதல் தருணங்களில் இதுவும் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சாமர்வெல், அப்போது திருவிதாங்கூர் அரசிலிருந்த நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் மருத்துவமனையில் ஒரே ஒரு மருத்துவர், அவர் முன் முடிவில்லாமல் நீளும் நோயாளிகளின் வரிசை. லண்டனில் காத்திருந்த மருத்துவ வாழ்வைத் துறந்து நெய்யூரிலேயே பணியாற்ற முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, செயற்கை ஆக்சிஜன் இன்றி 8,500 மீட்டருக்கு அருகில் ஏறி, தொண்டைச் சதை பனியால் கருகி மூச்சடைத்துச் சாகும் நிலையிலிருந்து மீண்டார். அதன்பின் நெய்யூரிலும், பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலுமாக 1961 வரை தென்னிந்தியாவிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

பனிச்சரிவின் குற்றவுணர்வே அவரை நெய்யூருக்கு அழைத்து வந்தது என்று கதை சொல்ல நமக்கு ஆசை எழலாம். அவர் சொன்ன காரணம் அதுவன்று. மருத்துவமனை வாசலில் கண்ட துயரமே காரணம். எனினும் உலகின் உச்சிக்கு அருகே நின்ற ஒருவர், தம் பெயரோடு இணைந்திருக்கக்கூடிய புகழைக் காட்டிலும் ஒரு சிற்றூரின் வரிசையில் நின்றவர்களைப் பெரிதாக எண்ணினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சாகிபுகளும் புலிகளும்

1928இல் இமாலயன் கழகம் தோன்றியது. அதன் டார்ஜிலிங் கிளை, ஷெர்பாக்களின் பெயர்களையும் அவர்கள் சென்ற பயணங்களையும் பதிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் நற்சான்றுப் புத்தகம் ஒன்றும் இருந்தது. பயணம் முடிந்ததும் தலைவர் அதில் நாலு வரி எழுதிக் கையெழுத்திடுவார். அந்த நாலு வரிதான் அடுத்த வேலைக்கு முதல். மிக உயரத்தில் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்குப் "புலி" என்ற பட்டமும் பதக்கமும் தரப்பட்டன. வெள்ளையரை ஷெர்பாக்கள் "சாகிப்" என்றழைத்தனர்.

1934இல் ஜெர்மானியக் குழுவொன்று நங்கா பர்பத்தில் புயலில் சிக்கியது. குழுத்தலைவர் மெர்க்ல் உள்பட ஜெர்மானியர் மூவரும் ஷெர்பாக்கள் அறுவரும் அங்கே மடிந்தனர். கே-லே என்ற ஷெர்பா இறங்கிப் பிழைத்திருக்கக்கூடும். மெர்க்லைத் தனியே விடாமல் உடனிருந்து இறந்தார். நான்காண்டுகள் கழித்து இருவர் உடல்களும் ஒரே இடத்தில் கண்டெடுக்கப்பட்டன. அப்புயலில் உயிர் தப்பியவர்களுள் பசாங் கிகுலி ஒருவர். 1939இல் கே2 மலையில் அமெரிக்கர் ஒருவர் மேல்முகாமில் கைவிடப்பட்ட நிலையில், அவரை மீட்க பசாங் கிகுலி, பசாங் கிதார், பின்சூ ஆகிய மூவரும் ஏறிச் சென்றனர். நால்வரும் திரும்பவில்லை.

இவற்றை "விசுவாசம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது அன்றைய நூல்களின் வழக்கம். விசுவாசம் என்பது எசமானன் பணியாளனுக்குத் தரும் பாராட்டு. அதே செயலைச் செய்தவர் ஐரோப்பியராக இருந்திருந்தால் அதற்குத் தோழமை என்றும் வீரம் என்றும் பெயர் கிடைத்திருக்கும். சொற்களின் இந்த வேறுபாட்டில்தான் குழுவின் எல்லைக்கோடு ஓடுகிறது.

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்குச் சுமார் 350 சுமைதூக்கிகள் காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டனர். புறப்படும் முன், ஆங்கிலேயர் தூதரகத்தில் தங்க, ஷெர்பாக்களுக்கு அதன் வண்டிக்கொட்டகை ஒதுக்கப்பட்டது. அங்கே கழிப்பிடமும் இல்லை. மறுநாள் காலை ஷெர்பாக்கள் தூதரகத்தின் முன்னிருந்த சாலையிலேயே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். டென்சிங் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார். அவ்வாண்டு மே 29 அன்று ஷெர்பா ஒருவரும் நியூஸிலாந்துக்காரர் ஒருவரும் உச்சியில் ஒன்றாக நின்றனர். யார் முதலில் கால் வைத்தார் என்று உலகம் அரித்தெடுத்தபோது, "குழுவாகச் சென்றோம்" என்றே இருவரும் முதலில் பதிலளித்து வந்தனர்.

உச்சி நீங்கலாக

இப்போது நம் காலத்துக் குழுப்பயணத்தை உருவாக்கிய மனிதரிடம் வருகிறோம். ஜிம்மி ராபர்ட்ஸ் 1916இல் பிறந்தவர். கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்தவர். 1953 எவரெஸ்ட் பயணத்துக்கு ஆக்சிஜன் உருளைகளைக் கொண்டு சேர்த்தவர் அவரே. பின்னர் காத்மாண்டில் ஆங்கிலேயத் தூதரகத்தின் படைத்துறை அலுவலராகப் பணியாற்றினார். 1963இல் அமெரிக்கர்களின் எவரெஸ்ட் பயணத்துக்கு 900க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளைத் திரட்டி வழிநடத்தும் பொறுப்பை ஏற்றார். இப்பட்டறிவிலிருந்து அவருக்கு ஒன்று புலப்பட்டது. பெரும்பயணங்களில் மிக இன்பமான பகுதி, மலையடிவாரத்தை அடைவதற்கு முன் வயல்களுக்கும் காடுகளுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே நடக்கும் இரண்டு வாரங்களே. அந்த நடையை மட்டும் தனியே பிரித்து, பயிற்சியில்லாத பொதுமக்களுக்கு ஏன் அளிக்கக் கூடாது?

1964இல் அவர் காத்மாண்டில் "மவுண்டன் டிராவல்" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்கப் பயண இதழொன்றில் விளம்பரம் செய்தார். 1965 இளவேனிலில் முதல் குழு வந்தது. அக்குழுவினர் அமெரிக்கப் பெண்மணிகள் மூவர், இளம்வயதினர் அல்லர். எவரெஸ்டின் திசையில் நடந்து திரும்பினர். நாளொன்றுக்குக் கட்டணம் 15 டாலர். இமயத்தில் கட்டணம் செலுத்தும் குழுநடை இவ்வாறு தொடங்கியது.

"டிரெக்" என்ற சொல்லே சிந்திக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் பொருள்களை ஏற்றி மேற்கொண்ட நெடும்பயணத்தைக் குறித்த சொல் அது. அதன் டச்சு வேருக்கு "இழுத்தல்" என்பது பொருள். நடப்பவரைப் பற்றியதாக இன்று நாம் எண்ணும் அச்சொல், பிறப்பில் சுமையைப் பற்றியது.

ராபர்ட்ஸ் வடிவமைத்த நடைப்பயணம் படைப்பிரிவு ஒன்றின் ஒழுங்கோடு அமைந்தது. விடியற்காலையில் கூடார வாசலிலேயே தேநீர். அடுத்து முகம் கழுவச் சிறு கிண்ணத்தில் வெந்நீர். பயணிகள் காலையுணவு உண்ணும்போதே கூடாரங்கள் மடிக்கப்படும். சுமைதூக்கிகள் முன்னே செல்வர். சமையற்குழு பயணிகளுக்குப் பின் புறப்பட்டு, அவர்களைத் தாண்டி ஓடி, நண்பகலுக்குள் ஓடைக்கரையில் அடுப்பு மூட்டியிருக்கும். மாலையில் பயணி வந்து சேரும்போது கூடாரம் எழும்பி நிற்கும். இவை அனைத்தையும் மேற்பார்க்கும் ஷெர்பாவுக்கு "சர்தார்" என்று பெயர். மூங்கிலால் பின்னிய "டோகோ" என்ற கூம்புக்கூடையில் சுமை. கூடையைத் தாங்கும் "நாம்லோ" என்ற பட்டை நெற்றியில். கையில் "டோக்மா" என்ற குட்டைத்தடி. நடுவழியில் நிற்கும்போது அத்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே மூச்சு வாங்கிக்கொள்வர். பயணியின் கையிலோ ஒரு சிறு பையும் புகைப்படக்கருவியும். பெரும்பயணங்களின் அமைப்பு முழுவதும், உச்சி ஒன்று நீங்கலாக, விற்பனைக்கு வந்துவிட்டது.

சுமை கைமாறியது

காலமும் இதற்குத் துணைநின்றது. திபெத்தில் 1959இல் நிகழ்ந்தவற்றுக்குப் பின் எல்லை இறுகி, நங்பா கணவாய் வழியான பழைய வாணிகம் நலிந்தது. ஷெர்பாக்களின் ஊர்களில் பணம் வரும் வழி அடைபட்ட அதே ஆண்டுகளில் புதுவழி திறந்தது. ஹில்லரி 1961இல் கும்ஜுங்கில் பள்ளியையும், 1964இல் லுக்லாவில் விமான ஓடுதளத்தையும், 1966இல் குன்டேயில் மருத்துவமனையையும் ஊராருடன் சேர்ந்து கட்டினார். மருத்துவமனைக்குப் பொருள் கொண்டுவர உதவுவதற்காக எழுந்த ஓடுதளம் சுற்றுலாவின் வாயிலாயிற்று. 1976இல் சகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தது. 1960களின் நடுவில் கும்புவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளை விரல்விட்டு எண்ணலாம். 2018-19இல் ஓராண்டில் வந்தோர் 50,000க்கும் மேல்.

1953இலும் மீண்டும் 1971இலும் ஷெர்பா ஊர்களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஃப்யூரர்-ஹைமன்டார்ஃப், இம்மாற்றத்தைக் கவலையோடு பதிவு செய்தார். இளைஞர்கள் ஆண்டின் பல மாதங்கள் வெளியே போய்விட, வயலும் மந்தையும் பெண்கள் தலையிலும் முதியோர் தலையிலும் விழுந்ததை அவர் சுட்டினார். ஆனால் ஷெர்பாக்கள் வெறும் பலியாடுகளாக நின்றுவிடவில்லை. சர்தார்களாயினர், விடுதிகள் கட்டினர், பயண நிறுவனங்களைத் தாமே நடத்தினர், மருத்துவர்களும் விமானிகளும் அவர்களிடையே தோன்றினர். ஷாமொனியின் ஏழை உழவர்கள் ஒரு நூற்றாண்டில் அடைந்ததை இவர்கள் ஒரு தலைமுறையில் அடைந்தனர் எனலாம்.

அப்படியானால் டோகோவை இப்போது சுமப்பவர் யார்? தாழ்நில மலைச்சரிவுகளிலிருந்து வரும் ராய், தமாங், மகர் இன மக்களே பெரும்பாலோர். நேபாளி என்றாலே உயரம் பழகியவர் என்று பயணிகள் எண்ணிவிடுகின்றனர். இம்மக்களோ 1,000 மீட்டர், 2,000 மீட்டர் உயரத்தில் உழுது வாழ்பவர்கள். 5,000 மீட்டர் உயரத்தில் பயணியைத் தாக்கும் நோய் அவர்களையும் அவ்வாறே தாக்கும். உடம்புக்குத் தக்க உடையும் காலணியும் இல்லாத நிலையில் இன்னும் கடுமையாகவே தாக்கும். 1995 நவம்பரில் கோக்யோ வழியிலுள்ள பங்கா என்னுமிடத்தில் பனிச்சரிவு விடுதியொன்றை மூடியபோது, ஜப்பானிய நடைப்பயணிகள் 13 பேரும் அவர்களோடு வந்த நேபாளப் பணியாளர்கள் பலரும் உறக்கத்திலேயே மடிந்தனர்.

அதைவிட அமைதியாக நடந்த ஒரு மரணம் உண்டு. 1997இல் ஒரு நடைப்பயணக் குழுவின் சுமைதூக்கியான 20 வயது இளைஞர் உயர நோயால் தளர்ந்தார். அவருக்குரிய கூலியைக் கொடுத்துக் கணக்கை முடித்து, தனியே கீழே அனுப்பிவிட்டனர். வழியில் அவர் இறந்தார். குழுவிலிருந்து ஒருவரை நீக்குவது எவ்வளவு எளிது பாருங்கள். ஒரு நாள் கூலி போதும். இச்செய்தி மலைநாட்டில் பணிபுரிந்த மருத்துவர்கள் சிலரை உலுக்கியது. சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்கென உலக அளவிலான அமைப்பொன்று அவ்வாண்டே தோன்றியது. அது வகுத்த நெறிகள் மிக எளியவை. சுமைதூக்கிக்கும் உயரத்துக்கேற்ற உடை வேண்டும். தங்குமிடமும் உணவும் வேண்டும். நோயுற்றால் பயணிக்குச் செய்யும் மருத்துவத்தையே அவருக்கும் செய்ய வேண்டும். அவரைத் தனியே இறக்கி அனுப்பலாகாது. அவர் மொழியறிந்த ஒருவர் உடன்செல்ல வேண்டும். இவ்வளவு எளியவற்றை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தைப் பற்றிய சான்று.

2014 ஏப்ரல் 18

எவரெஸ்டின் கும்பு பனியருவி, மலை முழுவதிலும் மிகக் கொடிய பகுதிகளில் ஒன்று. பயணி அதை ஒரு பருவத்தில் சில முறைகளே கடப்பார். கூடாரம், கயிறு, ஆக்சிஜன், உணவு ஆகியவற்றை மேல்முகாம்களுக்குச் சேர்க்கும் பணியாளர்களோ பலமுறை ஏறி இறங்க வேண்டும். 2014 ஏப்ரல் 18 காலையில் மேலிருந்து பிரம்மாண்டமான பனிப்பாளம் பெயர்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 16 பேர். பதினாறு பேரும் நேபாளப் பணியாளர்கள். பணம் கட்டி வந்த ஒருவர்கூட அவர்களில் இல்லை.

ஈமச்செலவுக்கென நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஏறத்தாழ 400 டாலர். எவரெஸ்டில் ஏற வெளிநாட்டவர் ஒருவர் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் செலுத்துவது பல பத்தாயிரம் டாலர்கள். ஷெர்பாக்கள் அடிவார முகாமில் கூடினர். காப்புறுதித் தொகையை உயர்த்தவும் குடும்பங்களுக்கு நிதி அமைக்கவும் கோரினர். அப்பருவத்தில் இனி ஏறுவதில்லை என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர். எவரெஸ்டின் தென்பக்கம் அவ்வாண்டு ஏறக்குறைய வெறிச்சோடியது. காப்புறுதித் தொகை 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கனவு கலைந்த பயணிகளில் சிலர் வருந்தினர், சிலர் சினந்தனர். ஷாமொனியில் 1820இல் மூவர் இறந்ததும் 1821இல் சங்கமும் நிதியும் எழுந்தன. இங்கே 1922இல் எழுவர் இறந்தனர். அதற்குப் பின் 92 ஆண்டுகள் கழித்தே பணியாளர்கள் ஒரு பருவம் முழுவதையும் நிறுத்தித் தம்மை எண்ணச் செய்தனர். இந்தத் தாமதத்துக்கு ஏழ்மையும் காலனிய அமைப்பும் காரணங்கள். ஆனால் குழு என்ற சொல்லை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணம்.

பத்துப் பேர்

2021 ஜனவரி 16 அன்று, குளிர்காலத்தில் எவரும் ஏறியிராத கே2 சிகரத்தை நேபாளிகள் பத்துப் பேர் அடைந்தனர். ஒன்பது பேர் ஷெர்பாக்கள். ஒருவர் மகர் இனத்தவரான நிர்மல் புர்ஜா. உச்சிக்குச் சற்றுக் கீழே முன்சென்றவர்கள் நின்றனர். பத்துப் பேரும் சேரும்வரை காத்திருந்து, தேசிய கீதத்தைப் பாடியபடி ஒன்றாக நடந்து உச்சியை அடைந்தனர். ஆகவே முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பசாங் கிகுலியும் இரு தோழர்களும் திரும்பாமல் போன மலை அது.

மலையில் குழுவாக நடப்பது மனிதனுக்குக் கிடைத்த நல்ல இன்பங்களுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அறிமுகமற்றவர்கள் பத்து நாள்களில் உறவினராகிவிடும் அற்புதம் அங்கே நிகழ்கிறது. இமயத்துக்கு மட்டுமன்றி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இன்று குழுக்கள் செல்கின்றன. நம் வாசகர்களிலும் பலர் செல்கின்றனர். அவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது மிகச் சிறிய ஒன்று. திரும்பி வந்து எழுத உட்காரும்போது, குழுவில் எத்தனை பேர் என்ற கணக்கை ஒருமுறை முதலிலிருந்து எண்ணிப் பாருங்கள். அடுப்பு மூட்டியவரையும், நெற்றிப்பட்டையில் சுமை தாங்கி முன்னே போனவரையும், வழி தவறாமல் காத்த வனவாசியையும் சேர்த்து எண்ணுங்கள். அவர்கள் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.